பிரிட்ஜ் கதவில் ஒட்டிய புதிர்ப் படம்

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஏறக்குறைய ஒரு வருஷம் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. முழுக்கக் கட்டங்கள், கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறிகள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது எங்கள் குடும்பத்தின் டென்மார்க் வாழ்க்கை. எதைச் செய்ய எது வேண்டும், அது கிடைக்க அதற்கு முன்னால் எது வேண்டும் என்று நான் வரைந்து வைத்திருந்த படம்.

அந்தப் படம் எங்களுக்கு நிறைய உதவியது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் படுமோசமாகத் தப்பாகப் போனது. இரண்டையும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வெளிநாட்டுக்கு வந்து, வீடு, வங்கி, அடையாள எண் என்று முழி பிதுங்கிக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

குகையில் தொடங்கிய விளையாட்டு

முதலில் ஒரு சின்ன முன்கதை. நான் ஏழாவது படிக்கும்போது, இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா பையன் ஹாஸ்டலிலிருந்து ஒரு சிடி கொண்டு வந்தான். அதில் 'மங்கி ஐலண்ட்' என்று ஒரு கேம் இருந்தது. சுடுவது, ஓடுவது எதுவும் கிடையாது. ஒரு பையன் கடற்கொள்ளைக்காரன் ஆக ஆசைப்படுகிறான். ஊர் ஊராகப் போய், கிடைத்ததை எல்லாம் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களிடம் எல்லாம் பேசி, ஒவ்வொரு சிக்கலாக அவிழ்க்க வேண்டும். இதைத்தான் அட்வென்ச்சர் கேம் என்கிறார்கள்.

இந்த வகைக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு அப்பாவால்தான். வில் கிரவுதர் என்ற அமெரிக்க புரோகிராமர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் வேலை செய்தவர். கென்டக்கியில் இருக்கும் மாமத் குகையில் இறங்கி வரைபடம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. 1970-களின் நடுவில் விவாகரத்து ஆகி, மகள்களைப் பிரிந்திருந்த நேரத்தில், அவர்கள் வந்தால் விளையாடட்டும் என்று அந்தக் குகையையே ஒரு விளையாட்டாக எழுதினார். படம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்துதான். 'விளக்கை எடு', 'வடக்கே போ' என்கிற மாதிரி இரண்டு வார்த்தை டைப் செய்தால் கதை நகரும். 1977-ல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதைப் பெரிதாக்கினார். 'அட்வென்ச்சர்' என்பதுதான் அதன் பெயர்.

நாங்கள் விளையாடிய இரண்டாவது மங்கி ஐலண்டில் (1991) திரையின் அடியில் ஒன்பது வினைச்சொற்கள் இருக்கும். கொடு, எடு, பயன்படுத்து, திற, மூடு, தள்ளு, இழு, பார், பேசு. உலகத்தில் நீங்கள் செய்யக்கூடியது இந்த ஒன்பதுதான். இதை வைத்தே எல்லாப் பூட்டையும் திறந்துவிடலாம். பன்னிரண்டு வயசில் எனக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுத்தது. கணக்குப் பரீட்சையில் மாட்டிக்கொண்டால்கூட 'இன்னும் எதைப் பார்க்காம விட்டோம்?' என்று யோசிக்கிற பழக்கம் அப்போது வந்ததுதான்.

முடிவிலிருந்து பின்னோக்கி

ஸ்கீவ, டென்மார்க்கின் யூட்லாந்து பகுதியில், லிம்ஃபியோர்டு நீர்ப்பரப்பின் கரையில் இருக்கும் சின்ன ஊர். சுமார் 20,000 பேர் இருப்பார்கள். என் வேலை பாதி வீட்டிலிருந்து, பாதி வீபோர்க் ஆபீஸில். வாடகை கட்டுப்படியாகும் என்று இங்கே வந்தோம். நான், மனைவி, அப்போது நாலு வயசு மகள்.

வந்த இரண்டாவது வாரமே மாட்டிக்கொண்டோம். இந்த நாட்டில் எதைத் தொட்டாலும் சிபிஆர் எண் கேட்பார்கள். 1968-லிருந்து இருக்கும் பத்து இலக்க அடையாள எண் அது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அந்த எண் வேண்டுமென்றால் இங்கே முகவரி இருக்க வேண்டும். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்துக்கு டெபாசிட். மூன்று மாத வாடகை வரை டெபாசிட்டாகவும், இன்னும் மூன்று மாதம் வரை முன்பணமாகவும் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை இங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்து கட்டினால் வசதி. வங்கிக்குப் போனால் மிட்ஐடி என்கிற டிஜிட்டல் அடையாளம் கேட்கிறார்கள். மிட்ஐடிக்கு? சிபிஆர் எண்! சுற்றிச் சுற்றி சுப்பனூர்.

இன்னொரு பக்கம் வரி அட்டை. அது இல்லாமல் முதல் சம்பளம் வந்தால், ஓய்வு நிதிக்கும் தொழிலாளர் பங்களிப்புக்கும் போன பிறகு மிச்சத்தில் 55 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். பின்னால் சரிசெய்து வாங்கலாம்தான். ஆனால் டெபாசிட் கட்டிவிட்டுக் கையில் காசில்லாமல் நிற்கும் மாதத்தில் அது என்ன ஆறுதல்?

அன்றைக்கு ராத்திரி மங்கி ஐலண்டை வடிவமைத்த ரான் கில்பர்ட் ஞாபகத்துக்கு வந்தார். அவர் தன் கேம்களின் புதிர்களைப் படமாக வரைந்து வைப்பார். ஒவ்வொரு புதிரும் ஒரு கட்டம். எது முடிந்தால் எது திறக்கும் என்பதற்கு அம்புக்குறி. வரையும்போது முடிவிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வர வேண்டும் என்பார். கடைசிக் கதவைத் திறக்க என்ன வேண்டும், அந்தச் சாவி எங்கே இருக்கிறது, அந்த இடத்துக்குப் போக என்ன வேண்டும், இப்படி.

நானும் அப்படியே 'முதல் சம்பளம் முழுசாகக் கையில்' என்று தாளின் அடியில் எழுதி, பின்னோக்கி வரைந்தேன். வரைந்த பிறகுதான் தெரிந்தது, சுற்றிக்கொண்டிருந்த வளையத்தில் ஒரு அம்பு கட்டாயமே இல்லை. டெபாசிட்டுக்கு டேனிஷ் வங்கிக் கணக்கு வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாங்களாக அப்படி நினைத்துக்கொண்டோம். ஊரிலிருந்து அப்பா நேராக வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்பினார். வளையம் உடைந்தது. முகவரி, எண், வரி அட்டை, மிட்ஐடி, வங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

உங்களுக்கும் இப்படி ஒரு சுழற்சி இருந்தால், தலையில் வைத்துச் சுற்றாமல் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு அம்புக்கும் 'இது சட்டமா, இல்ல நாமளா நினைச்சுக்கிட்டதா?' என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் முக்கால்வாசிச் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்தது.

முன்னாடியே தின்றுவிட்ட பை

பழைய கேம்களில் ஒரு கொடுமை உண்டு. 'கிங்ஸ் குவெஸ்ட் 5' (1990) கேமில் ஆரம்பத்திலேயே ஒரு பை, அதாவது இனிப்புப் பண்டம், கிடைக்கும். பசிக்கிறதே என்று அதைத் தின்றுவிட்டால் கேம் ஒன்றும் சொல்லாது. பல மணி நேரம் கழித்து மலையில் ஒரு பனிமனிதன் வழிமறிக்கும்போதுதான், அதன் முகத்தில் எறிய அந்தப் பை வேண்டும் என்று தெரியவரும். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். கில்பர்ட் 1989-லேயே இந்த மாதிரி வடிவமைப்பைத் திட்டி ஒரு கட்டுரை எழுதினார். தன் மங்கி ஐலண்டில் அப்படி மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொண்டார்.

வாழ்க்கையை வடிவமைத்தவர் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. நான் தின்ற பை என் பாஸ்போர்ட். ஊரில் இருக்கும்போதே புதுப்பித்திருக்க வேண்டும், சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். இங்கே வசிப்பு அனுமதியை பாஸ்போர்ட் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பு வரைக்கும்தான் கொடுப்பார்கள். வேலை ஒப்பந்தம் நீளமாக இருந்தும் எங்கள் அனுமதி குட்டையாக வந்தது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். படத்தில் நான் தேதிகளுக்கு மட்டும் சிவப்பு மை பயன்படுத்த ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

குரங்கும் ஸ்பேனரும்

சில புதிர்கள் எவ்வளவு யோசித்தாலும் வராது. இரண்டாவது மங்கி ஐலண்டில் ஒரு அருவியை நிறுத்த, அதன் பம்பைத் திருகி மூட வேண்டும். விடை என்ன தெரியுமா? பாரில் பியானோ வாசிக்கும் குரங்கை மயக்கி, விறைத்துப்போன அந்தக் குரங்கையே ஸ்பேனராகப் பயன்படுத்த வேண்டும்! அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு வகை ஸ்பேனருக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். அந்தப் பெயர் தெரிந்தவனுக்கு ஜோக், தெரியாதவனுக்குச் சுவர். நானும் அண்ணனும் ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்தச் சுவரில் முட்டினோம். எங்களிடம் புத்தி குறைவில்லை, ஒரு வார்த்தைதான் குறைவு.

நம்ம ஔவையார் கதையும் இதேதான். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று முருகன் கேட்டது தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் புதிர். ஒரு டேனிஷ்காரருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லிப் பாருங்கள். பழத்தை ஏன் சுட வேண்டும் என்று கேட்பார்.

இங்கே எங்களுக்கு வந்த மங்கி ரெஞ்ச்: ஒரு விண்ணப்பத்தில் 'கிஃப்ட்' என்று ஒரு கட்டம். பரிசு எதுவும் வாங்கவில்லையே என்று காலியாக விட்டேன். டேனிஷில் அந்த வார்த்தைக்குத் திருமணமானவர் என்று அர்த்தம். விஷம் என்றும் அர்த்தம் உண்டு. மனைவியிடம் சொன்னபோது, 'ரெண்டும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணியே வெச்சிருக்காங்க போல' என்றாள்.

எண்கள் இன்னும் மோசம். ஐம்பதை 'ஹால்வ்ட்ரெஸ்' என்பார்கள். இருபதை இரண்டரை தடவை எடுத்தால் ஐம்பது, அந்தக் கணக்கு அதற்குள் ஒளிந்திருக்கிறது. என்னடா இது என்று நான் புலம்பியபோது மனைவி கேட்டாள்: 'நம்ம தொண்ணூறுல மட்டும் நூறு எதுக்குங்க ஒட்டிக்கிட்டு இருக்கு?' என்னிடம் பதில் இல்லை.

இந்த வகைப் புதிருக்கு ஒரே வழி, தெரிந்தவரிடம் கேட்பதுதான். 1980-களில் இன்ஃபோகாம் என்ற கேம் கம்பெனி, குறிப்புப் புத்தகங்களையே விற்றது. விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். கூடக் கொடுக்கும் பேனாவால் தேய்த்தால் தெரியும். வேண்டிய அளவுக்கு மட்டும் தேய்த்துக்கொள்ளலாம். குறிப்பு கேட்பது தோல்வி இல்லை என்று அந்தக் கேம் செய்தவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி. நமக்குத்தான் கேட்கக் கூச்சம். 'படிச்சவன், இதுகூடத் தெரியலையான்னு நினைச்சுப்பாங்களோ' என்று நினைத்து நான் வீணாக்கிய வாரங்கள் கொஞ்சநஞ்சமில்லை.

'கதவா, சாவியா?'

இப்போது தப்பாகப் போன இடத்துக்கு வருகிறேன்.

என் மனைவி கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. கல்லூரியில் ஆறு வருஷம் பாடம் எடுத்தவள். இங்கே அவளுக்கு வேலை செய்ய அனுமதி உண்டு. மொழிதான் இல்லை. அதனால் படத்தில் அவளுக்கென்று ஒரு பகுதி வரைந்தேன். டேனிஷ் வகுப்பு, மாடியூல் பரீட்சை, விண்ணப்பம், வேலை, நண்பர்கள், 'செட்டில்'. மேலிருந்து கீழே நேர்க்கோடாக ஆறு கட்டம்.

முதல் குளிர்காலம். டிசம்பரில் இங்கே நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நான் ஆபீஸ் போகிற நாட்களில் காலையில் கிளம்பும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. மகள் டேகேரில். அவள் வகுப்புக்குப் போவாள், வருவாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரில் ஒரு நாளைக்கு நூறு பேரோடு பேசிக்கொண்டிருந்தவள்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், பரீட்சை முடிவு வந்த அன்று, சமையலறைக்குள் வந்து 'போயிடுச்சு' என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பென்சிலையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு பிரிட்ஜ் பக்கம் போனேன். 'அடுத்த பரீட்சை எப்ப? மார்ச்சா, ஏப்ரலா?'

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: 'இந்தப் படத்துல நான் எங்கங்க இருக்கேன்? கதவா, சாவியா?'

திரும்பிப் பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்பது போல அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'வந்ததுலேருந்து எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவ கேட்டீங்களா? தேதிதான் கேக்கறீங்க.'

அந்த வாரக் கடைசியில் ஹெர்னிங் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். 1980-களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் யூட்லாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் குடியமர்ந்து, பிற்பாடு எழுப்பிய கோயில்களில் ஒன்று. அங்கே ஒரு அக்கா எங்களை விசாரித்தார். நான் படத்தைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னேன். சிரித்தார். 'தம்பி, நாங்கள் வரேக்க எங்களிட்ட ஒரு படமும் இல்லை. பக்கத்து வீட்டுச் சனத்தோடதான் முதல் கதைச்சது. கையாலயும் காலாலயும் கதைச்சது. நீங்கள் இந்தப் பிள்ளையை வீட்டுக்குள்ள வச்சுக்கொண்டு படம் கீறினால் என்ன வரும்?'

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை ஒரு கேம் டிசைனராகப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. கில்பர்ட் தன் படங்கள் அகலமாக விரிய வேண்டும் என்பார். ஒரு புதிரில் மாட்டிக்கொண்டால் விளையாடுகிறவருக்கு வேறு இரண்டு மூன்று புதிர்களாவது கையில் இருக்க வேண்டும். ஒரே கோட்டில் வரைந்தால் ஒரு பூட்டில் எல்லாமே நின்றுவிடும். என் மனைவிக்கு நான் வரைந்தது அப்படி ஒரு கோடு. மனுஷங்களோடு பேசுவது என்பதையே ஐந்தாவது கட்டத்தில், பரீட்சைக்கும் வேலைக்கும் பின்னால் பூட்டி வைத்திருக்கிறேன். ஒன்பது வினைச்சொல்லில் 'பேசு' என்பதற்கு எந்தக் கேமும் சாவி கேட்டதில்லை.

அடுத்த வாரம் நான் கேட்டேன். லேட்டாகத்தான். 'எனக்கு யாருக்காவது உபயோகமா இருக்கணும்ங்க. அவ்வளவுதான்' என்றாள்.

நடந்ததைச் செய்தது நான் இல்லை, அவள்தான். குடியிருப்புச் சங்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம் புரியவில்லை. வழக்கமாக என் வருகைக்காக மேஜையில் வைப்பாள். அன்று அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். மூன்று மாதமாக நாங்கள் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்ட எழுபது வயசைத் தாண்டிய பாட்டி. கடிதத்தைப் படித்துச் சொன்னார், காபி கொடுத்தார். வியாழக்கிழமைகளில் தான் ஒரு பழைய பொருள் கடையில் சம்பளமில்லாமல் வேலை செய்வதாகவும், கப் சாஸர் அடுக்க ஆள் போதவில்லை என்றும் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேருமாகப் போனார்கள்.

விலைச்சீட்டு ஒட்டி ஒட்டியே 'ஹால்வ்ட்ரெஸ்' அவளுக்கு மனப்பாடம் ஆனது. மே மாதம் பரீட்சை பாஸ். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாடியே வீட்டில் வெளிச்சம் வந்துவிட்டது. 'இன்னிக்கு ஒரு அம்மா பால் ஜக் எங்க இருக்குன்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சுது' என்று அவள் சொன்ன சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன்.

கெமிஸ்ட்ரி வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இன்டர்வியூ போனாள், இரண்டிலும் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது விண்ணப்பம் போயிருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம்.

யாரும் வைக்காத கல்

அட்வென்ச்சர் கேமுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எனக்குப் புரிந்தது போன கோடையில், ஃபூர் தீவில். ஸ்கீவ நகராட்சியைச் சேர்ந்த சின்னத் தீவு அது. சில நிமிஷப் படகுப் பயணம். அங்கே மோலர் என்கிற வெளிர்நிறக் களிமண் பாறைகளில் சுமார் 5.5 கோடி வருஷத்துக்கு முந்தைய மீன், பூச்சி, பறவைகளின் தடங்கள் கிடைக்கின்றன. அரிய தொல்லுயிர் எச்சம் கிடைத்தால் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், சன்மானம் உண்டு என்று இங்கே 1990-லிருந்து சட்டமே இருக்கிறது.

மகள் சின்னச் சுத்தியலோடு உட்கார்ந்துவிட்டாள். தட்டுகிறாள், கல் ஏடு ஏடாகப் பிரிகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த கல். ஒன்றும் இல்லை.

'அப்பா, இந்தக் கல்லையெல்லாம் யாரு இங்க வெச்சா?'

'யாரும் வைக்கலடா கண்ணா. அதுவா இருக்கு.'

'அப்ப உள்ள ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாமா?'

'இருக்கலாம்.'

கேமில் கையில் கிடைக்கும் ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காக வைத்தது. எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் விடை இருக்கிறது என்ற உத்தரவாதம் உண்டு. நான் என் குடும்பத்துக்கும் அந்த உத்தரவாதத்தைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். இதைச் செய்தால் அது திறக்கும் என்று. சிபிஆர் எண்ணுக்கும் வாடகை டெபாசிட்டுக்கும் அது சரி. மனுஷங்கள் போட்ட விதிகள் அவை, விடை இருந்தே தீரும். ஒருத்தியின் மனசுக்கும், அடுத்த இன்டர்வியூவுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. அங்கே திட்டத்தைவிட, கூட உட்கார்ந்திருப்பது முக்கியமாக இருக்கிறது.

மகள் என் பதிலைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு 'சரி' என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தாள். மனைவியும் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு சுத்தியலை எடுத்தாள். நானும்.

பிரிட்ஜ் கதவில் இப்போது படம் இல்லை. பாஸ்போர்ட் தேதிகள் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும், கடையின் வியாழக்கிழமை முறைப்பட்டியலும் இருக்கின்றன. மேலே அன்றைக்குக் கொண்டுவந்த ஒரு கல். அதில் ஒரு மெல்லிய கோடு. மீன் முள் என்கிறாள் மகள். எனக்கு சுத்தியல் கீறல் மாதிரித்தான் தெரிகிறது. வாதம் இன்னும் முடியவில்லை.